வேலைக்குப் போகிற வீட்டில் குட்டி நாய்க்கு உச்சா பழக்குவது

காலை 8 மணிக்குப் பூட்டி மாலை 6 மணிக்குத் திறக்கிற வீட்டில் குட்டி நாய் வளர்க்க முடியுமா என்று கேட்டால், முடியும். ஆனால் ஒரு விஷயத்தை முதலிலேயே மண்டையில் ஏற்றிக்கொள்ள வேண்டும். நீங்கள் இல்லாத நேரத்தில் நாய்க்கு எதையுமே பழக்க முடியாது. பூட்டிய வீட்டுக்குள் அது தானாகவே அடக்கப் பழகிவிடும் என்று நம்பிப் போய்விட்டு, சாயங்காலம் வந்து ஹாலில் கிடப்பதைப் பார்த்துக் கத்துவதில் ஒரு பிரயோஜனமும் இல்லை. பகலில் நம்மால் ஆகக்கூடியது தப்பு நடக்க வழியில்லாதபடி இடத்தை ஒழுங்கு பண்ணி வைப்பது மட்டும்தான். பழக்குகிற வேலை முழுவதும் காலையில் கிளம்புவதற்கு முன்பு, மாலையில் வந்ததிலிருந்து படுக்கும் வரை, அப்புறம் ஞாயிற்றுக்கிழமை. இந்த இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

முதலில் மூத்திரப்பைக் கணக்கு. நாய் வளர்ப்பவர்கள் பொதுவாகச் சொல்வது, குட்டிக்கு எத்தனை மாதமோ அதோடு ஒன்றைக் கூட்டிக்கொள், அத்தனை மணி நேரம்தான் அதிகபட்சம் தாங்கும் என்று. 2 மாதக் குட்டிக்கு 3 மணி நேரம், 3 மாதத்துக்கு 4. இதுவும் சும்மா படுத்துக் கிடக்கிற குட்டிக்கு. விளையாடிக்கொண்டிருக்கிற குட்டி அரை மணிக்கு ஒரு தடவை போகும், அதில் ஆச்சரியப்பட எதுவும் இல்லை. பொமரேனியன், பக், ஷிட்ஸு, டாஷ்ஹண்ட் மாதிரி சின்ன ஜாதிகளுக்குப் பையும் சின்னது, அதனால் அந்தக் கணக்கிலிருந்து ஒரு மணி நேரத்தைக் குறைத்தே வையுங்கள். அடக்குகிற தசைக்கு ஓரளவு பலம் வரவே 4 முதல் 6 மாதம் ஆகும். அதற்கு முன்னால் ‘வேணும்னே பண்ணுது’ என்று சொல்வது அநியாயம்.

ஆக 10 மணி நேரம் பூட்டிக் கிடக்கிற வீட்டில் 2 மாதக் குட்டி வீட்டுக்குள் உச்சா போகாமல் இருக்கவே முடியாது. அது உள்ளேதான் போகப் போகிறது. எந்த இடத்தில், எதன் மேல் போக வேண்டும் என்பதை நீங்கள் முடிவு செய்கிறீர்களா, நாய் முடிவு செய்கிறதா என்பதுதான் கேள்வி.

வாங்குவதற்கு முன்னால்

நாகர்கோவிலிலிருந்து தினமும் ரயிலேறித் திருவனந்தபுரம் போய் வருகிறவர்கள் நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் நிறைய. வீட்டில் வேறு யாரும் இல்லாமல், அப்படி 12 மணி நேரம் வெளியே இருக்கிறவர் குட்டி வாங்க வேண்டாம் என்பதுதான் என் கருத்து. ஒரு வயது தாண்டிய, ஏற்கெனவே வீட்டில் வளர்ந்து பழகிய சின்ன நாய் கிடைத்தால் அதை எடுத்துக்கொள்ளுங்கள். வெளிநாடு போகிறவர்கள், வீடு மாறுகிறவர்கள் நல்ல கைக்குக் கொடுக்கத் தேடிக்கொண்டே இருப்பார்கள். வளர்ந்த நாய் 6 மணி நேரம் சங்கடமில்லாமல் தாங்கும், 8 மணி நேரமும் சமாளிக்கும், ஆனால் அதைத் தினசரி வழக்கமாக்கக் கூடாது. அந்த நாயும் புது வீட்டுக்கு வந்தால் சில நாள் தப்புப் பண்ணும். கீழே சொல்வதெல்லாம் அதற்கும் பொருந்தும், என்ன, சீக்கிரம் பிடித்துக்கொள்ளும்.

குட்டிதான் வேண்டும் என்றால் 8 வாரம் ஆகாமல் வாங்காதீர்கள். 30 நாளில், 40 நாளில் கொடுக்கிறேன் என்பவர்கள் உண்டு. தாயோடும் கூடப்பிறந்த குட்டிகளோடும் இருக்கும்போதுதான் படுக்கிற இடத்தை விட்டுத் தள்ளிப் போகிற பழக்கம் வருகிறது. 7, 8, 9 வாரத்தில் எதன் மேல் போய்ப் பழகுகிறதோ, மண்ணோ புல்லோ சிமெண்டோ, அதுவே பிடித்தமாகி நின்றுவிடும். அதனால் வாங்கப் போகும்போது குட்டியின் முகத்தை மட்டும் பார்க்காமல் அது கிடக்கிற இடத்தையும் பாருங்கள். கம்பிக் கூண்டுக்குள் தன் ஆய் மேலேயே படுத்து வளர்ந்த குட்டிக்கு, படுக்கிற இடத்தை அசுத்தம் செய்யக் கூடாது என்கிற இயல்பான உணர்ச்சியே மழுங்கிப் போயிருக்கும், அதைத் திருப்பிக் கொண்டுவருவது பெரிய பாடு. தாய் நாய் முற்றத்தில் திரிகிற, குட்டிகளுக்குப் படுக்க ஒரு இடமும் போக ஒரு இடமும் தனித்தனியாக இருக்கிற வீட்டில் வாங்குங்கள். பத்து இருபது கிலோமீட்டர் கூட அலைந்தாலும் பரவாயில்லை.

எப்போது வாங்குவது என்பதும் முக்கியம். ஆசிரியர் வேலை என்றால் கோடை விடுமுறை தொடங்கியதும் கொண்டுவரலாம். கடையோ ஆபீசோ என்றால் உள்ளூர் விடுமுறையோடு சனி ஞாயிறு ஒட்டி வருகிற நாளாகப் பார்த்து, மேலும் இரண்டு மூன்று நாள் லீவு சேர்த்துக்கொள்ளுங்கள். மாசி மாதம் மண்டைக்காட்டுக் கொடைக்கு, டிசம்பர் 3 கோட்டாறு சவேரியார் திருவிழாவுக்கு, மார்கழியில் சுசீந்திரம் தேருக்கு என்று நமக்கு உள்ளூர் விடுமுறைக்குப் பஞ்சமில்லை. ஆனால் கிறிஸ்துமஸ் நேரத்தில் கொண்டுவர வேண்டாம். இங்கே எந்தப் பக்கம் திரும்பினாலும் வெடிதான். வந்த முதல் வாரமே முற்றத்தில் நின்றிருக்கும்போது பக்கத்தில் ஒரு வெடி வெடித்தால், அப்புறம் முற்றத்துக்கே வர மாட்டேன் என்று குட்டி அடம் பிடிக்கும்.

பகலுக்கான இடம்

குட்டிக்கு வீடு முழுவதையும் கொடுக்காதீர்கள். ஒரு சின்ன இடம் போதும். நம் பக்கத்து வீடுகளில் அடுக்களைக்குப் பின்னால் இருக்கிற ஒர்க் ஏரியா இதற்கென்றே கட்டினது மாதிரி இருக்கும். தரை டைல்ஸ், தண்ணீர்க் குழாய் உண்டு, காற்று வரும், வெயில் நேராக அடிக்காது. அது இல்லாவிட்டால் கிரில் போட்ட சிட் அவுட். அப்படி என்றால் கிரில் கம்பிக்கு இடையில் குட்டியின் தலை நுழைகிறதா என்று பாருங்கள். தலை நுழைந்தால் உடம்பும் நுழையும், அல்லது மாட்டிக்கொள்ளும், இரண்டுமே வினைதான். ஹார்டுவேர் கடையில் கோழி வலை வாங்கி அடியிலிருந்து இரண்டடி உயரத்துக்குக் கட்டிவிடுங்கள். முற்றத்தில் அவிழ்த்துவிட்டுப் போவது வேண்டவே வேண்டாம். தெருநாய் இருக்கிறது, பக்கத்து விளையிலிருந்து பாம்பு வரும், 2 கிலோ எடையுள்ள குட்டியால் எதையும் சமாளிக்க முடியாது.

அந்த இடத்தின் ஒரு மூலையில் படுக்கை, பக்கத்தில் கவிழாத கனமான சட்டியில் தண்ணீர். நேர் எதிர் மூலையில், எவ்வளவு தள்ளி வைக்க முடியுமோ அவ்வளவு தள்ளி, உச்சா போகிற தட்டு. படுக்கையையும் தட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் குட்டி இரண்டையும் குழப்பிக்கொண்டு, தட்டில் படுத்துப் படுக்கையில் போகும்.

தட்டில் என்ன போடுவது? நிறையப் பேர் பழைய பேப்பரை விரிக்கிறார்கள், செலவில்லை. ஆனால் பேப்பர் மேல் போகப் பழகிய நாய்க்குப் பழைய பேப்பர், புதுப் பேப்பர் என்ற வித்தியாசம் தெரியாது. காலையில் சிட் அவுட்டில் வந்து விழுகிற பேப்பரை நீங்கள் பிரிப்பதற்குள் அது நனைத்துவிடும். நாய் உச்சா போவதற்கென்றே கடையில் விற்கிற பேட் நன்றாக உறிஞ்சும், தனியாக இருக்கிற நாளுக்குச் சரி. ஆனால் அதன் மெத்து மெத்தென்ற தன்மை கால்மிதியைப் போலவே இருப்பதால் கால்மிதிக்கும் ஆபத்து. எனக்குப் பிடித்தது மண். ஓரம் உயர்ந்த பிளாஸ்டிக் டிரேயில் இரண்டு அங்குலத்துக்குத் தோட்டத்து மண்ணைப் போட்டு, மேலே செதுக்கி எடுத்த புல்லைப் பதித்துவிடுங்கள். பின்னால் முற்றத்துக்கு மாற்றும்போது நாய்க்குப் புதிதாக எதுவும் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை, அதே புல், அதே மண், இடம்தான் வேறு. வாரத்துக்கு ஒரு முறையாவது மாற்ற வேண்டும், ஆயை அன்றன்றே எடுக்க வேண்டும். கடற்கரை மண் வேண்டாம், உப்பு. தெருநாய் வந்து போகிற இடத்து மண்ணும் வேண்டாம், குட்டிகளுக்கு ரத்தக் கழிச்சலை உண்டாக்குகிற பார்வோ வைரஸ் மண்ணில் மாதக்கணக்கில் சாகாமல் கிடக்கும், தடுப்பூசி முடியாத குட்டிக்கு அது உயிருக்கே ஆபத்து.

கூடு பற்றி ஒரு வார்த்தை. குட்டி எழுந்து நிற்க, திரும்ப, நீட்டிப் படுக்க மட்டும் இடம் இருக்கிற கூடு ராத்திரிக்கு நல்லது. படுக்கிற இடத்தில் போக நாய்க்கு மனசு வராது, அதனால் முனகும், நீங்கள் எழுந்து கொண்டுபோகலாம். ஆனால் அதே கூட்டில் பகல் முழுக்கப் பூட்டிவிட்டுப் போனால் வேறு வழியில்லாமல் அதற்குள்ளேயே போகும், நாலு நாளில் அந்தக் கூச்சம் போய்விடும், அதோடு உங்கள் கையிலிருந்த நல்ல ஆயுதமும் போச்சு. சங்கிலியில் கட்டிப்போட்டுவிட்டுப் போவதும் அப்படித்தான். அது பழக்கத்துக்கும் உதவாது, சட்டத்துக்கும் ஆகாது. 1960-ஆம் ஆண்டின் மிருகவதைத் தடுப்புச் சட்டத்தின் 11-ஆவது பிரிவில், குட்டைச் சங்கிலியில் நியாயமில்லாத நேரத்துக்குக் கட்டி வைப்பதும், எப்போதும் கட்டியோ அடைத்தோ வைத்திருக்கிற நாயை நடமாட விடாமல் இருப்பதும் குற்றம் என்றே இருக்கிறது.

மத்தியானத்துக்கு ஒரு ஆள்

6 மாதம் ஆகிற வரைக்கும் நடுப்பகலில் ஒருவர் வந்து போவது கட்டாயம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். தட்டுக்காக மட்டும் இல்லை. சின்ன ஜாதிக் குட்டிகள் நீண்ட நேரம் சாப்பிடாமல் இருந்தால் சர்க்கரை இறங்கித் துவண்டு விழுந்துவிடும், 3 மாதம் வரைக்கும் ஒரு நாளைக்கு 4 வேளை, அப்புறம் 6 மாதம் வரை 3 வேளை கொடுத்தாக வேண்டும். வேலை பார்க்கிற இடம் பக்கம் என்றால் நீங்களே சாப்பாட்டு நேரத்தில் வரலாம். ஆனால் தக்கலையிலோ மார்த்தாண்டத்திலோ வண்டிகளுக்கு நடுவில் மாட்டிக்கொண்டால் எப்போது வந்து சேருவோம் என்று நம் கையில் இல்லை, அதை நம்பித் திட்டம் போடாதீர்கள்.

பக்கத்து வீட்டு அக்காவிடம் கேட்கலாம். ‘அக்கா, நாயைக் கொஞ்சம் பாத்துக்கோங்க’ என்று பொதுவாகச் சொன்னால் வேலை நடக்காது, அவர்களுக்கு என்ன செய்ய வேண்டும் என்று தெரியாது. ‘1 மணிக்குக் கதவைத் திறந்து, கொல்லையில அந்தத் தென்னை மூட்டுல கொண்டு விடுங்க, போய் முடிச்சதும் இந்த டப்பாவுல இருந்து ஒரு துண்டு குடுங்க, அப்புறம் இந்தக் கிண்ணத்துச் சாப்பாட்டை வச்சுட்டு, திரும்ப ஒரு தடவை வெளியே விட்டுப் பூட்டிட்டுப் போங்க, 20 நிமிஷம் போதும்’ என்று இப்படிச் சொல்லுங்கள். கல்லூரியில் படிக்கிற பையன் யாராவது தெருவில் இருந்தால் மாதம் ஒரு தொகை பேசிக்கொள்வது இன்னும் நல்லது. காசு வாங்குகிறவன் மறக்க மாட்டான். அக்கா காசு வாங்க மாட்டார்கள், அவர்களுக்கு அவ்வப்போது மட்டிப்பழக் குலையோ நல்ல மீனோ கொண்டு கொடுங்கள்.

வீட்டில் அம்மாவோ மாமியாரோ இருந்தால் நல்லதுதான், ஆனால் அவர்களை முழங்கால் வலியோடு குட்டி பின்னால் ஓடச் சொல்லாதீர்கள். அவர்களுக்கு ஒர்க் ஏரியா கதவைத் திறந்துவிடுகிற வேலை மட்டும் போதும். ஒரு விஷயம் அவர்களிடம் கெஞ்சிக் கேளுங்கள்: கருவாடு கொடுக்க வேண்டாம் என்று. நெத்திலிக் கருவாட்டு உப்புக்குக் குட்டி சட்டித் தண்ணீரையும் குடித்துத் தீர்த்து, அன்றைக்கு முழுக்க மூத்திரமாகப் போகும், உங்கள் நேரக் கணக்கெல்லாம் பாழ். மீன்குழம்புச் சோற்றிலும் உப்பு உண்டு, அதோடு உள்ளி, அதாவது வெங்காயம். பெரிய உள்ளி, சின்ன உள்ளி, பூண்டு எல்லாமே நாய்க்கு விஷம். பாலும் பல குட்டிகளுக்கு வயிற்றைக் கலக்கும். வயிறு கெட்ட குட்டிக்கு ஒழுங்கு பழக்க யாராலும் முடியாது.

காலையும் மாலையும்: உண்மையான வேலை

நாய்க் குட்டி எப்போது போகும் என்று ஊகிப்பது கஷ்டமே இல்லை. தூங்கி எழுந்த உடனே, சாப்பிட்ட பிறகு, விளையாடி முடிந்த உடனே, அப்புறம் யாராவது வீட்டுக்கு வந்து அது குதித்துக் கும்மாளம் போட்ட பிறகு. வயிற்றில் சாப்பாடு விழுந்தால் குடல் அசையத் தொடங்கும், அதனால் ஆய் பெரும்பாலும் சாப்பிட்ட 5 முதல் 30 நிமிடத்துக்குள் வரும். உங்கள் குட்டிக்கு எத்தனை நிமிடம் என்பதை ஒரு வாரம் குறித்து வைத்துப் பாருங்கள், ஃப்ரிட்ஜ் கதவில் ஒரு தாள் ஒட்டினால் போதும். இதற்காகவே சாப்பாட்டுக்கு நேரம் வைக்க வேண்டும். கிண்ணத்தை நாள் முழுக்கக் கீழே வைத்துவிட்டு எப்போது வேண்டுமானாலும் சாப்பிடட்டும் என்று விட்டால் எப்போது வேண்டுமானாலும்தான் போகும். 15 நிமிடத்தில் கிண்ணத்தை எடுத்துவிடுங்கள். தண்ணீரை மட்டும் எடுக்காதீர்கள், நம் ஊர்ப் புழுக்கத்தில் தண்ணீரைக் குறைத்துப் பழக்குவது கொடுமை.

காலை 5.30-க்கு எழுந்தால் முதல் வேலை இதுதான். பல் தேய்ப்பது, சாயா போடுவது எல்லாம் அப்புறம். குட்டியைத் தூக்கிக்கொண்டே போங்கள், நடக்கவிட்டால் வாசல் போய்ச் சேர்வதற்குள் ஹாலில் போய்விடும். தடுப்பூசிகள் முடிகிற வரை தெருவுக்குக் கொண்டுபோகாமல் உங்கள் காம்பவுண்டுக்குள் ஒரே ஒரு இடம் வைத்துக்கொள்ளுங்கள். முதல் ஊசி 6 முதல் 8 வாரத்தில், அப்புறம் 3, 4 வாரத்துக்கு ஒன்று என்று 16 வாரம் வரை போகும், வெறிநாய்க்கடித் தடுப்பூசி 3 மாதத்துக்கு மேல். அந்த இடத்தில் இறக்கிவிட்டுப் பேசாமல் நில்லுங்கள். போனைப் பார்க்கலாம், குட்டியோடு விளையாடக் கூடாது. அது மோந்து மோந்து வட்டம் போட்டு உட்கார ஆரம்பிக்கும்போது ஒரே வார்த்தையை, ‘உச்சா’ என்றோ வேறு எதுவோ, மெதுவாகச் சொல்லுங்கள். வீட்டில் எல்லாரும் அதே வார்த்தையைத்தான் சொல்ல வேண்டும். சில வாரம் கழித்து அந்த வார்த்தையைச் சொன்னாலே போகும், பஸ்ஸுக்கு நேரமாகிற காலையில் அதன் அருமை தெரியும்.

முடித்த அந்த நொடியே, அந்த இடத்திலேயே, வாயில் ஒரு துண்டு. உப்புப் போடாமல் வேவித்த கோழியோ முட்டையோ, கடலைப்பருப்பு அளவு போதும். பத்து பேரில் எட்டு பேர் சறுக்குவது இந்த இடத்தில்தான். ‘வா வா, உள்ளே போய்த் தரேன்’ என்று கூட்டிக்கொண்டு போய், அடுக்களையில் டப்பாவைத் திறந்து கொடுக்கிறார்கள். நாய்க்கு அது உள்ளே ஓடி வந்ததற்குக் கிடைத்த பரிசு. அப்புறம் அது முற்றத்துக்குப் போனதும் உச்சா போகாமலேயே அடுக்களைக்கு ஓடி வரும். அதனால் துண்டு உங்கள் சட்டைப் பையில் இருக்க வேண்டும். இன்னொன்று, போய் முடித்ததும் உடனே உள்ளே கொண்டுவந்து அடைக்காதீர்கள். போனால் விளையாட்டு முடிந்துவிடுகிறது என்று தெரிந்துகொண்டால், கெட்டிக்காரக் குட்டி வேண்டுமென்றே தள்ளிப் போடும். போன பிறகுதான் விளையாட்டு என்று மாற்றிப் பழக்குங்கள். 10 நிமிடம் நின்றும் போகவில்லை என்றால் உள்ளே கொண்டுவந்து கூட்டிலோ மடியிலோ வைத்துக்கொண்டு, கால் மணி நேரம் கழித்து மறுபடி கொண்டுபோங்கள். நடுவில் அவிழ்த்துவிட்டால் அந்தக் கால் மணி நேரத்துக்குள் சோபா ஓரத்தில் போய்விடும்.

6 மணிக்குச் சாப்பாடு, அதன் பின் அந்தத் தாளில் எழுதி வைத்த நிமிடக் கணக்குப்படி மறுபடி வெளியே, கொஞ்ச நேர விளையாட்டு, கிளம்புவதற்குச் சற்று முன் கடைசியாக ஒரு தடவை. பையைக் காலி பண்ணிவிட்டு ஒர்க் ஏரியாவில் விட்டால் உடனே சுருண்டு தூங்கும். போகும்போது கட்டிப்பிடித்து விடைபெறுகிற நாடகமெல்லாம் வேண்டாம், சும்மா கதவைச் சாத்திவிட்டுப் போங்கள்.

மாலை வந்ததும் செருப்பைக் கழற்றுவதற்கு முன்னால் வெளியே கொண்டுபோங்கள். அதிலிருந்து படுக்கும் வரை குட்டி உங்கள் கண் பார்வையில் இருக்க வேண்டும், அல்லது கூட்டில் இருக்க வேண்டும். மூன்றாவதாக ஒன்று இல்லை. அடுக்களை வேலை இருந்தால் மெல்லிய கயிற்றை இடுப்பில் கட்டிக்கொண்டு மறுமுனையைக் குட்டியின் பட்டையில் மாட்டிவிடுங்கள். அது வட்டம் போடுவதும் திடீரென்று விளையாட்டை நிறுத்தி மோந்துகொண்டு நகர்வதும் உங்களுக்கு உடனே தெரியும். வெளியே போய் முடித்தால் அரை மணி நேரம் ஹாலில் சுதந்திரம், அதற்கு மேல் மறுபடி வெளியே ஒரு தடவை கொண்டுபோய்ப் பார்த்த பிறகுதான். கடைசிச் சாப்பாட்டை 8 மணிக்குள் முடித்துவிடுங்கள், 10.30-க்குப் படுக்கப் போகும்போது ஒரு தடவை. 3 மாதத்துக்குக் கீழே என்றால் ராத்திரி நடுவில் ஒரு முறை எழுந்துதான் ஆக வேண்டும், விளக்கைப் போடாமல், பேசாமல், கொண்டுபோய்க் கொண்டுவந்து படுக்க வையுங்கள்.

சின்ன நாய் வைத்திருக்கிறவர்களிடம் ஒரு சோம்பல் உண்டு. அது போவது ஒரு கரண்டி அளவுதானே, டிஷ்யூவால் துடைத்தால் போச்சு என்று விட்டுவிடுவார்கள். லாப்ரடார் போனால் யாரும் அப்படி விட மாட்டார்கள். சின்ன நாய்கள் பல வீடுகளில் வருஷக்கணக்காக உள்ளேயே போய்க்கொண்டிருப்பதற்குப் பாதிக் காரணம் இதுதான் என்பது என் எண்ணம்.

திட்டினால் என்ன ஆகும்

கண் முன்னால் போக ஆரம்பித்தால் ‘ஏய்’ என்று ஒரு சின்னச் சத்தம், அது திடுக்கிட்டு நிறுத்துகிற அளவு மட்டும், உடனே தூக்கி வெளியே. மிச்சத்தை வெளியே போனால் துண்டு உண்டு. நீங்கள் பார்க்காதபோது போய் முடித்திருந்தால் ஒன்றும் செய்வதற்கில்லை, துடைத்துவிட்டு வேலையைப் பாருங்கள். மூக்கைக் கொண்டுபோய் அதில் தேய்ப்பது, பேப்பரைச் சுருட்டி அடிப்பது, இதெல்லாம் நாய்க்குச் சொல்லிக்கொடுப்பது ஒன்றே ஒன்றுதான்: இந்த ஆள் இருக்கும்போது போகக் கூடாது. அப்புறம் முற்றத்தில் கொண்டுபோய் நிறுத்தினாலும் உங்கள் முன்னால் போகாது, உள்ளே வந்து கட்டிலுக்கு அடியில் ஒளிந்து போகும்.

‘தப்புப் பண்ணினது அதுக்கே தெரியும், முகத்தைப் பாருங்க’ என்பார்கள். 2009-இல் அலெக்சாண்ட்ரா ஹொரோவிட்ஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர் இதைச் சோதித்துப் பார்த்தார். தின்னக் கூடாது என்று சொன்னதை நாய் தின்றதா இல்லையா என்பதற்கும் அந்தக் குற்றவாளி முகத்துக்கும் சம்பந்தமே இல்லை, எஜமான் திட்டும்போதுதான் அந்த முகம் வந்தது, தின்னாத நாய்க்கும் வந்தது. மாலை 6 மணிக்குக் கதவைத் திறக்கிற உங்கள் முகத்தைப் பார்த்துத்தான் அது பம்முகிறது, 11 மணிக்குப் போன மூத்திரத்தை நினைத்து இல்லை.

நீங்கள் வந்ததும் குனிந்து தொட்டால் மல்லாந்து படுத்துச் சொட்டுச் சொட்டாகப் போகிற குட்டிகளும் உண்டு. அது பழக்கக் குறைவு இல்லை, பயமும் பணிவும் கலந்தது. அதற்குத் திட்டினால் இன்னும் கூடும். வந்ததும் கண்டுகொள்ளாமல் நேராக முற்றத்துக்கு நடங்கள், பின்னாலேயே வரும், அங்கே வைத்துக் கொஞ்சுங்கள். வளர வளரப் பெரும்பாலும் தானாகவே போய்விடும்.

துடைப்பதிலும் ஒரு முறை இருக்கிறது. நம் வீடுகளில் எதற்கெடுத்தாலும் பினாயில். அந்த வாசனை நமக்குச் சுத்தமாகத் தெரியும், ஆனால் அதற்கு அடியில் இருக்கிற மூத்திர வாசனை நாயின் மூக்குக்கு அப்படியே தெரியும், மறுநாள் அதே இடத்தில் போகும். ஈரத் தரையை நக்கினால் வயிற்றுக்கும் கெடுதல். அமோனியா கலந்த கிளீனர் இன்னும் மோசம், மூத்திரத்திலும் அதே வாடை இருப்பதால் ‘இங்கே போ’ என்று போர்டு வைத்த மாதிரி ஆகிவிடும். பிளீச்சிங் பவுடரை மூத்திரத்தின் மேல் கொட்டக் கூடாது, கிளம்புகிற புகை உங்களுக்கும் ஆகாது குட்டிக்கும் ஆகாது. செல்லப் பிராணிக் கடையில் என்சைம் கிளீனர் என்று கேட்டு வாங்குங்கள், அது வாடைக்குக் காரணமானதையே சிதைத்துவிடும். முதலில் துணியால் ஒற்றி எடுத்து, அப்புறம் அதை ஊற்றி, உடனே துடைக்காமல் ஊற விட வேண்டும். டைல்ஸ் இடுக்கிலும் பழைய சிமெண்டுத் தரையிலும் உள்ளே இறங்கியிருக்கும் என்பதால் தாராளமாக ஊற்றுங்கள். கையில் அது இல்லாத நாளில் வினிகரும் தண்ணீரும் சரிபாதி. பழகுகிற வரை கால்மிதிகளையும் கீழே விரித்திருக்கிற பாயையும் சுருட்டி மேலே வைத்துவிடுங்கள்.

மழை

நமக்கு ஜூனிலும் மழை, அக்டோபரிலும் மழை. இரண்டு பருவமும் பெய்கிற மாவட்டத்தில் ‘மழை விட்டதும் கொண்டுபோகலாம்’ என்று இருந்தால் பழக்கவே முடியாது. சின்ன நாய்க்கு வயிறு தரையோடு ஒட்டியே இருக்கிறது, ஈரப் புல் பட்டால் பின்வாங்கும். அதனால் தொடக்கத்திலேயே இடத்தைச் சன்ஷேடுக்குக் கீழேயோ கார் ஷெட்டின் ஓரத்திலோ தேர்ந்தெடுங்கள், இல்லையென்றால் மதில் மூலையில் நாலு கம்பு நட்டு ஒரு தார்பாய் கட்டி, அடியில் மணல் கொட்டுங்கள். மழை இல்லாத நாளிலும் அங்கேயே கொண்டுபோய்ப் பழக்கியிருந்தால்தான் மழை நாளில் போகும். குடையைப் பிடித்துக்கொண்டு நீங்களும் கூட நில்லுங்கள், குட்டியை மட்டும் வெளியே தள்ளிக் கதவைச் சாத்தினால் அது கதவையே பார்த்துக்கொண்டு நிற்கும், உள்ளே வந்ததும் போகும். இடி இடிக்கிற ராத்திரியில் பிடிவாதம் பிடிக்காதீர்கள், புல் தட்டு எதற்கு இருக்கிறது? வந்ததும் கால் இடுக்கையும் காதுக்குள்ளும் துடைத்து உண்ணி இருக்கிறதா என்று பாருங்கள், ஈரக் காலத்தில் புல்லிலிருந்து ஏறும்.

தட்டிலிருந்து முற்றத்துக்கு

ஒரு மாதம் போல உள்ளே தப்பே நடக்கவில்லை என்றால் ஒரு அறையைக் கூடத் திறந்துவிடலாம், எல்லா அறையையும் ஒரே நாளில் இல்லை. தட்டைத் தினமும் ஓரிரண்டு அடி கதவை நோக்கி நகர்த்துங்கள், அப்புறம் வாசலுக்கு வெளியே, அப்புறம் முற்றத்தில் அந்த இடத்தில். நகர்த்தியதும் பழைய இடத்தில் போனால் வேகம் கூடிவிட்டது என்று அர்த்தம், திரும்பப் பழைய இடத்துக்குக் கொண்டுபோய் மெதுவாகத் தொடங்குங்கள். ஆனால் தட்டை அடியோடு எடுத்தே ஆக வேண்டும் என்றும் இல்லை. வேலைக்குப் போகிறவர் வீட்டில் சின்ன நாய்க்கு ஒர்க் ஏரியாவில் ஒரு புல் தட்டு ஆயுசுக்கும் இருந்துவிட்டுப் போகட்டும். பஸ் ஸ்டிரைக், திடீரென்று ஓவர்டைம், வீடு வந்து சேர 9 மணி, இப்படியான நாளில் அதற்கும் உங்களுக்கும் நிம்மதி.

நன்றாகப் பழகிய ஆண் நாய் 6 மாதத்துக்கு மேல் திடீரென்று காலைத் தூக்கி நாற்காலிக் காலில், திரைச்சீலையில் கொஞ்சம் கொஞ்சமாக அடிக்க ஆரம்பித்தால் அது எல்லை குறிக்கிறது. குடும்பக்கட்டுப்பாட்டு ஆபரேஷன் செய்தால் பெரும்பாலும் குறையும், கால்நடை மருத்துவரிடம் பேசிப் பாருங்கள். அடிக்கடி உட்கார்ந்து சொட்டுச் சொட்டாகப் போவது, முனகுவது, ரத்தம் கலந்து போவது என்றால் மூத்திரத் தாரையில் கிருமி இருக்கலாம், பழக்கம் மாறிவிட்டது என்று நினைத்துத் திட்டாமல் மருத்துவரிடம் காட்டுங்கள். ஊசி முடியாத குட்டி வாந்தி எடுத்து, நாற்றத்தோடு ரத்தமாகக் கழிந்தால் அன்றைக்கே, லீவு போட்டாவது, ஓடுங்கள். நீங்கள் இருக்கும்போது ஒரு தப்பும் பண்ணாமல், தனியாக விட்டால் மட்டும் போய், கதவைப் பிறாண்டி, எச்சில் வடித்து, பக்கத்து வீட்டுக்காரர் நாள் முழுக்க அழுகிறது என்று சொன்னால், அது தனிமைப் பயம். லீவு நாளில் 5 நிமிடம், 10 நிமிடம், அரை மணி என்று விட்டுவிட்டுப் போய் வந்து பழக்க வேண்டும், அதிலும் சரியாகவில்லை என்றால் மருத்துவர் உதவி வேண்டும்.

கல்யாணம் காட்சி என்று நாயையும் கூட்டிக்கொண்டு சொந்தக்காரர் வீட்டுக்குப் போனால், அங்கே அது மறுபடி குட்டிதான். நம் வீட்டில் ஹாலில் போகக் கூடாது என்று தெரிந்த நாய்க்குப் பெரியம்மா வீட்டு ஹாலும் ஹால்தான் என்று தெரியாது. தட்டையும் துண்டு டப்பாவையும் கூடவே எடுத்துப் போங்கள், வண்டியை விட்டு இறங்கியதும் வீட்டுக்குள் நுழைவதற்கு முன்னால் கொல்லைப்பக்கம் கொண்டுபோய் முதல் உச்சாவை அங்கே முடிக்க வையுங்கள்.